மூன்று எழுத்து விழவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள்: மேஜை முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த மகள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பனியனோடு நின்றிருந்த மருமகன். கூடத்து மூலையில், தரையில் போட்ட மெத்தையில் போர்வைக்குள் சுருண்டிருந்த மகன். சமையலறை வாசலில் ஈரக் கையோடு அம்மா. மழை விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. அது போகிற மாதிரியும் தெரியவில்லை. பிறகு லேப்டாப் ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருவர் வந்து போனார். அவரைத் தவிர அன்று யாரும் வரவில்லை.

"மூணு எழுத்து விழல" என்றாள் மகள்.

"எது எது?" என்றான் மருமகன்.

"ஈ, டி, சி. மேல மூணாம் நம்பரும் விழல. அது போதாதுன்னு அழிக்கிற பட்டன் வேற தானா ஓடுது. நான் ஒரு வரி அடிச்சா அது ரெண்டு வரி தின்னுது."

மகளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே மென்று பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அன்றைய பதிவுகள் மொத்தமும் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். ஈ இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு காய்ச்சலைக்கூட எழுத முடியாது.

மருமகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவன் கைபட்ட கயிற்றில்தான் தொங்குகிறார்கள் என்று அவனே சொல்லுவான். ஒரு பொருள் கெட்டுவிட்டால் அவனுக்கு ஒரு முகம் வரும். கொஞ்சம் சந்தோஷமான முகம்தான் அது.

"எங்க வேலையில ஒரு கணக்கு உண்டு. முதல்ல கரண்ட். அப்புறம் கனெக்ஷன். அப்புறம் பார்ட்ஸ். கடைசியில ஆள். இந்த வரிசையை மாத்தக்கூடாது. நகரு."

மகள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவன் அணைத்துப் போட்டான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தான். மறுபடி செருகிப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து, குழந்தையின் முதுகைத் தட்டுவது போல் தட்டினான். ஒரு முடி விழுந்தது. ரொட்டித் துகள் ஒன்று விழுந்தது.

"பாத்தியா? துரை ராத்திரி சாப்பிட்ட தடயம்."

"அது நான் சாப்பிட்டது" என்றாள் மகள். "துரை ரொட்டி சாப்பிட்டா துகள்கூட மிச்சம் வைக்க மாட்டான்."

துரை என்பது மருமகன் தன் மச்சானுக்கு வைத்த பெயர். துரை எழுந்தாச்சா, துரைக்கு டீ ஆச்சா என்று ஆரம்பித்து இப்போது வீட்டில் எல்லோருக்குமே அதுதான் பெயர். பெயர் வைக்கப்பட்டவனுக்குக் கோபம் வந்தமாதிரி தெரியவில்லை. கோபப்படுவதற்கும் எழுந்து உட்கார வேண்டுமே.

போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அக்கா, ஸ்கிரீன்லயே ஒரு கீபோர்டு வரும். அதை எடுத்து மவுசால ஈயைத் தட்டிப் பாரு. அதுல விழுந்தா சாஃப்ட்வேர் நல்லாருக்குன்னு அர்த்தம். பட்டன்லதான் கோளாறு."

மகள் தேடி எடுத்துத் தட்டினாள். ஈ விழுந்தது. டி, சி எல்லாம் விழுந்தன.

"அப்ப பட்டன்தான்" என்றது போர்வை. "நாலும் மேலருந்து கீழ ஒரே வரிசை. ஒரே கம்பியில போகும். உள்ள ஈரம் போயிருக்கும்."

இதையெல்லாம் அவன் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உதவி மையம் ஒன்றில் ராத்திரி வேலை பார்த்தவன். எங்கேயோ விழித்திருக்கும் முகம் தெரியாத ஆட்களுக்கு, அணைத்துப் போடுங்கள், இதைத் தட்டுங்கள், அதைத் தட்டுங்கள் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் தூக்கம் வருது என்றான். அதன்பிறகு வேறு எதற்கும் போகவில்லை.

மருமகன் மனைவியைப் பார்த்தான். "ஈரம் போயிருக்குமாம். படுத்துக்கிட்டே எவ்வளவு கரெக்டா சொல்றான் பாரு."

அதைக் கேட்டதும் அம்மா மெத்தைப் பக்கம் பார்த்தாள். போன மாதம் மருமகனின் வண்டியை எடுத்துக்கொண்டு போன துரை அதன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தான். அப்போதே மருமகன் சத்தம் போடாமல் ஒன்று சொன்னான்: இனிமேல் இந்த வீட்டில் ஒரு பொருள் உன் கையால் கெட்டால், நீ வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அம்மா பயந்திருக்க மாட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"நேத்து ராத்திரி இதை யார் தொட்டது?"

"நான் படம் பார்த்தேன் மாமா. பட்டனைத் தொடவே இல்ல."

"பக்கத்துல என்ன இருந்தது?"

"தண்ணி பாட்டில்."

"மூடி?"

"மூடிதான் இருந்தது. பாதியில தூங்கிட்டேன். ஞாபகம் இல்ல."

"முதல்ல ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் மகள். "உங்க விசாரணையை அப்புறம் வெச்சுக்குங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

ரிப்பேர்காரர் இரண்டு தெரு தள்ளி ஒரு படிக்கட்டுக்கு அடியில் கடை வைத்திருந்தார். கடைக்கு வெளியே 'லேப்டாப் கிளினிக்' என்று எழுதியிருந்ததால் எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள். அவரும் கேட்டுக்கொள்வார். மழைக்கோட்டைக் கழற்றி வாசலிலேயே மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், "வெள்ளைத் துணி ஒண்ணு குடுங்கம்மா. ஸ்குரூ உருண்டா தெரியணும்" என்றார்.

அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த தலையணை உறை ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதை மேஜையில் விரித்து, கழற்றிய ஸ்குரூக்களை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வாகில் வரிசையாக வைத்தார். மருமகன் குனிந்து பார்த்து, "நாங்களும் இப்படித்தான் வைப்போம்" என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது.

அடிமூடி கிளம்பியது. பாட்டரியைக் கழற்றினார். உள்ளே இருந்து கீபோர்டின் முதுகு வெளியே வந்தபோது அதில் ஓர் இடத்தில், குளத்தில் தண்ணீர் வற்றிய கரை மாதிரி, வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. அவர் மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏதோ போயிருக்கு. டீ, காபி இல்ல. அதுன்னா பிசுபிசுன்னு ஒட்டும். இது தண்ணி மாதிரி ஏதோ."

"தண்ணிதானே?" என்றான் மருமகன்.

"இருக்கலாம். போனது போனதுதான். கீபோர்டே மாத்தணும்."

அம்மா எட்டிப் பார்க்கத்தான் வந்தாள். மேஜைப் பக்கம் வந்ததும் மூக்கில் ஏறியது. எலுமிச்சை வாசனை. அதற்கு அடியில் கண்ணை லேசாகக் கரிக்கிற இன்னொரு வாசனை. அதை அவளுக்கு அவள் உடம்பு வாசனை மாதிரியே தெரியும்.

அம்மா ஓர் ஆபீஸில் துடைக்கும் வேலை பார்க்கிறாள். எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு மாடி முழுக்க அவள் பொறுப்பு. அங்கே அவளுக்குப் பளபளா என்று பெயர். கீபோர்டுகளுக்கு அவள் கையில் ஒரு முறை இருந்தது. முதலில் கவிழ்த்துத் தட்டுவாள். பிறகு நிமிர்த்தி, துடைக்கிற நீல மருந்தைத் தாராளமாக அடிப்பாள். உடனே துடைக்கக்கூடாது. அழுக்கு இளக வேண்டும். அதனால் அதைத் திரைமேல் சாய்த்து நிறுத்திவிட்டு அடுத்த மேஜைக்குப் போவாள். அதையும் அடித்து நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து முதலாவதைத் துடைப்பாள். இப்படியே போய்க்கொண்டிருப்பாள். காலையில் வருகிறவர்களுக்குத் தங்கள் விரல் ரேகைகூட அதில் தெரியாது. ஒன்றும் கெட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை மேனேஜர் அவளிடம்தான் அனுப்புவார், போய்ப் பார்த்துக் கத்துக்கோ என்று.

நேற்றுச் சாயங்காலம் மகள் கடைக்குப் போயிருந்தாள். லேப்டாப் திறந்திருந்தது. பட்டன்கள் கருகருவென்று எண்ணெய் மின்னக் கிடந்தன. பாவம் பிள்ளை, இதில்தான் நாளெல்லாம் விரலை வைக்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றியது. வீட்டில் வைத்திருந்த அதே நீல மருந்து பாட்டிலை எடுத்து வந்து அடித்தாள். இதில் திரையும் பட்டனும் ஒட்டியே இருந்தன. சாய்த்து நிறுத்த முடியவில்லை. சரி என்று அப்படியே ஊற விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். வந்து துடைத்தாள். பளபளவென்று ஆயிற்று. மூடி வைத்தாள்.

ஆபீஸ் கீபோர்டு தனிப் பலகை. அடித்தது முன்பக்கமாக வழிந்து ஓடிவிடும். இதில் ஓடுவதற்கு வழி இல்லை. நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த வித்தியாசம் அவளுக்கு இப்போது, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது.

"யாரும் மருந்து கிருந்து போட்டுத் துடைக்கலையே?" என்றார் ரிப்பேர்காரர், தலையைத் தூக்காமல்.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "இல்லைங்க. நான் காஞ்ச துணியாலதான் துடைப்பேன். மத்தவங்க யாரும் இதைத் துடைக்க மாட்டாங்க."

சொல்லியிருக்கலாம். அவ்வளவு சின்ன இடைவெளிதான். ஆனால் மருமகன் நின்றுகொண்டிருந்தான். வந்தவர் நின்றுகொண்டிருந்தார். மருமகன் வீட்டில் இருந்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையிலேயே தப்புப் பண்ணிவிட்டேன் என்று வெளியாள் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் போகட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். "டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டீ கொதித்து முடிவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார். பழைய கீபோர்டுக்குப் போகும் நாடாவை மட்டும் பிடுங்கிவிட்டு மூடினார். தானாக ஓடிய பட்டன் அடங்கியது. தன் பையிலிருந்து ஒரு தனிக் கீபோர்டை எடுத்துச் செருகினார். மகள் அடித்துப் பார்த்தாள். ஈ விழுந்தது. அவள் தோள்கள் இறங்கின.

"புதுசு வர வரைக்கும் இதுல அடிங்க. என் கடை கீபோர்டுதான். ஜாக்கிரதை."

"உசுரைக் காப்பாத்துனீங்க டாக்டர்."

"இது செத்துப்போச்சும்மா. நான் வேற ஒண்ணை வெச்சுட்டுப் போறேன்."

நின்றபடியே டீயைக் குடித்தார். மருமகனுக்கும் அவருக்கும் மழையைப் பற்றியும் ஈரத்தில் எந்த எந்த மெஷின் எப்படிச் சாகும் என்பது பற்றியும் கொஞ்சம் பேச்சு நடந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அம்மா முட்டைகளை வேகப்போட்டு உருளைக்கிழங்கை நறுக்கினாள். அதோடு முடிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேலை நடக்கிறது, அப்புறம் என்ன. ஆனால் மருமகன் ஒரு பழுதைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகும் அது ஏன் நின்றது என்று எழுதாமல் அவன் கட்டடத்தை விட்டு இறங்க மாட்டான்.

மெத்தைப் பக்கம் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"கரண்ட் பார்த்தாச்சு. கனெக்ஷன் பார்த்தாச்சு. பார்ட்ஸும் பார்த்தாச்சு. இப்ப ஆள். சொல்லு."

துரை எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். "என்ன சொல்றது மாமா. தண்ணி இருந்தது. கொட்டுனதா எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா கொட்டலைன்னு அர்த்தமா?"

"இல்ல."

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க."

"நான் கத்தப்போறதில்ல. எனக்கு உன்மேல கோபமும் இல்ல. ஆனா சொன்னா சொன்னதுதான். இல்லைன்னா என் வாய்க்கு வீட்டுல மதிப்பு இல்லாமப் போயிடும். உன் சிநேகிதன் பஸ் டிப்போ பக்கத்துல ரூம் எடுத்திருக்கான்ல? இன்னிக்கே போ."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாப்ள. அது அவன் இல்ல. நான்."

மருமகன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. "என்ன அத்தை நீங்க?"

"நான்தான் கெடுத்தேன். நேத்து சாயங்காலம் மருந்து அடிச்சுத் துடைச்சேன். ஊற விட்டேன். உள்ள போயிடுச்சு."

அவன் சிரித்தான். கேலியாகக்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையின் பொய்யைக் கேட்டுச் சிரிப்பது போல அன்பாகவே சிரித்தான். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"ஏன் அத்தை அந்த ஆள் கேக்கும்போது சொல்லல? மருந்து போட்டீங்களான்னு வாயால கேட்டாரே."

"வெக்கமா இருந்தது."

"இப்ப வெக்கமா இல்லையா?"

"இவனைப் போகச் சொல்றீங்களே."

"அதான்" என்றான் மருமகன். "இவனைப் போகச் சொன்னதும் வெக்கம் போயிடுச்சு."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்தியிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நீ சொல்லுடி. நேத்து நீ கடைக்குப் போனப்ப நான் தனியாத்தானே இருந்தேன்."

"அம்மா, விடு."

"விடுன்னா? நான்தான் பண்ணினேன்னு சொல்றேன்."

"இவன் ராத்திரி வேலையை விட்டப்ப நீ என்ன சொன்னே? ஷிப்ட் மாத்திட்டாங்க, இனிமே பகல்லதான் போவான்னே. பகல்லயும் போகல. இந்த வாரம் லீவுன்னே. சாப்பாடு கட்டிக்கூட குடுத்தே, நாங்க நம்பணும்னு. அவன் மொட்டைமாடியில உக்காந்து சாப்பிட்டான். அப்பவும் இதே முகத்தோடதான் சொன்னே." மகளின் குரலில் சூடில்லை. பதிவில் கேட்பதைத் திருப்பிச் சொல்வது போல் சொன்னாள். "வண்டிக் கண்ணாடியையும் காத்துல விழுந்துடுச்சுன்னுதான் சொன்னே."

அதெல்லாம் உண்மை. அம்மா உள்ளே போய், மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். நீல மருந்து பாதிக்கு இருந்தது. மூடியைத் திறந்து மருமகன் மூக்கின் முன் நீட்டினாள்.

"மோந்து பாருங்க. அதைத் திறந்தப்ப இந்த வாசனைதான் வந்தது."

"அத்தை, இந்த வீடே அந்த வாசனைதான். பாத்ரூம் அந்த வாசனை, ஜன்னல் அந்த வாசனை. எங்க ஆபீஸ்ல என் சட்டையை மோந்துட்டு, ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றியான்னு கேக்கறாங்க."

"அவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க."

"கேக்கறேன். ஏதோ உள்ள போயிருக்கும்பார். யார் ஊத்துனாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" அவன் பாட்டிலை வாங்கி மூடித் தரையில் வைத்தான். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்ல ராத்திரிக்கு எத்தனை கீபோர்டு துடைக்கிறீங்க?"

"மாடி பூரா."

"இந்த மருந்தால?"

"இதேதான்."

"எத்தனை வருஷமா? அதுல ஒண்ணாவது கெட்டிருக்கா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லலாம், கெட்டிருக்கிறது என்று. இத்தனை பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு பொய் அப்போது வாயில் வரவில்லை. அது அவள் வேலை.

"இல்ல" என்றாள்.

"அப்புறம்?"

"அது வேற மாதிரி கீபோர்டு. அதுல வழிஞ்சிடும். இது..."

"கதை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அவன் எழுந்தான். "நீங்க பெத்தவங்க. அப்படித்தான் செய்வீங்க. அதுக்காக உங்களை நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஆனா இவனை இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுத்தான் இப்படி ஆக்கிட்டீங்க."

துரை இதற்குள் எழுந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். மூலைக்கு மூலை சேர்த்து, அவன் இதுவரை மடித்தே பார்க்காத அளவுக்குச் சுத்தமாக மடித்தான். அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்துப் பையில் திணித்தான். அவன் சாமான் என்று அதிகமில்லை. மகள் எழுந்து வந்து அவன் பையில் ஒரு துண்டை வைத்தாள். பிறகு அதைத் திரும்ப எடுத்து, காய்ந்த துண்டாகப் பார்த்து வேறொன்றை வைத்தாள். போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

"சாப்பிட்டுப் போகட்டுமே. நான் என்ன விரட்டவா செய்றேன்" என்றான் மருமகன்.

நான்கு பேரும் சாப்பிட்டார்கள். முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி. உப்புக் கொஞ்சம் கம்மி என்று மருமகன் சொன்னான். துரை உப்பை நகர்த்திக் கொடுத்தான். "பஸ் டிப்போவுல கிளீனிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம். பஸ் கழுவணும். ராத்திரி வேலை" என்றான் யாரையும் பார்க்காமல். "ராத்திரியில தூக்கம் வருமே உனக்கு" என்றான் மருமகன். "நின்னுக்கிட்டே செய்ற வேலைதானே மாமா. வராது." இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் சிரித்ததுதான் என்னவோ போல இருந்தது.

மழை தூறலாகியிருந்தது. துரை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். குனிந்து செருப்பைத் தேடினான். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினாற்போல் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"டேய். நிஜமாவே நான்தான்டா. நீ நம்புறியா?"

அவன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காலால் துழாவினான்.

"நீ இப்படிப் பண்ணாதம்மா. மாமா எதிர்ல உனக்குத்தான் அசிங்கம்."

"நான் பண்ணதைத்தான் சொல்றேன்."

"இப்ப பையில வைக்கறப்ப தண்ணி பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். மூடி சரியா போடல. தண்ணி பாதிதான் இருந்தது. நானே கொட்டியிருப்பேன். தூக்கக் கலக்கத்துல தெரிஞ்சிருக்காது."

"பாதியை நீ குடிச்சிருப்பேடா."

"குடிச்சிருக்கலாம்" என்றான். அதை அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தது போலத் தெரிந்தது. "எப்படியும் நான் போகத்தான் வேணும்மா. இங்க படுத்துட்டு இருக்கறதும் ஒரு மாதிரியாத்தான் இருந்தது. இதுக்காகன்னு வெச்சுக்க வேணாம்."

"இதுக்காகத்தானே போறே."

அவன் அவள் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினான். அவன் விரலிலும் அந்த எலுமிச்சை வாசனை ஏறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு சாட்சியாக அவள் கொண்டு வருகிறாள் என்பான்.

படியிறங்கினான். திருப்பத்தில் நின்று, "உள்ள போ, நனையுறே" என்றான்.

"அத்தை, கதவைப் பூட்டிடுங்க" என்று உள்ளேயிருந்து மருமகன் குரல் கொடுத்தான். "சாரல் கூடம் வரைக்கும் அடிக்குது."

கீழே தெருக்கதவு திறந்து மூடியது. மகள் இரவல் கீபோர்டில் ஏதோ ஒரு நோயாளியின் இருமலை வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் தடங்கலில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மழையில் கதவின் மரம் உப்பியிருந்ததால் தோளால் ஒரு முட்டு முட்ட வேண்டியிருந்தது. பிறகு சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.